திருவிதாங்கூர் படைச் செலவு

திருவிதாங்கூர் படைச் செலவு என்பது, 1795 வரை பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூர் அரசு, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இந்தியாவுடன் இணையும் வரை தன் படைகளைப் பேணச் செய்த செலவைக் குறிக்கும். 1726 முதல் 1817 வரையிலான காலத்துக்குள் இவ்வரசு நிலத்துக்கு ஈடாக ஊழியம் செய்யும் படை, கூலிப்படை, சம்பளம் பெறும் நிலைப்படை, கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பணம் கொடுத்துப் பெற்ற துணைப்படை, எண்ணிக்கை சுருங்கிய எச்சப்படை ஆகிய ஐந்து முறைகளையும் கையாண்டது. ஆதலால் நிலைப்படை, சேமப்படை, சட்டகப் படை ஆகிய மூவகை அலகுகளின் செலவை ஒப்பிட்டு நோக்க இது பொருத்தமான எடுத்துக்காட்டாக விளங்குகிறது. அமைதிக்காலத்தில் மலிவாகத் தோன்றும் படை எப்போதும் மலிவானதன்று என்பதும், ஒரு படையின் செலவை அப்படை யாருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டது என்பதிலிருந்து பிரித்துக் கணக்கிட இயலாது என்பதும் இவ்வரலாற்றிலிருந்து அறியப்படுகின்றன.

படை அலகுகளின் வகைகள்

படை அலகுகள் அவற்றின் ஆயத்த நிலையைப் பொறுத்து மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன.

நிலைப்படை: ஆண்டு முழுவதும் முழுநேரப் பணியில் இருக்கும் அலகு. வீரர்கள், அதிகாரிகள், கருவிகள் அனைத்தும் நிறைவாக இருக்கும். ஆணை கிடைத்த சில நாட்களில் களம் இறங்க வல்லது.

சேமப்படை: வேறு தொழில் செய்து வாழ்பவர்களைக் கொண்ட அலகு. ஆண்டில் சில வாரங்கள் பயிற்சி பெறுவர். தேவை ஏற்படும்போது அழைக்கப்படுவர். அழைக்கப்பட்ட பின்னும் களம் இறங்கக் கூடுதல் பயிற்சி தேவைப்படும்.

சட்டகப் படை: காடர் என்றும் வழங்கப்படும். இதில் அதிகாரிகளும் பயிற்றுநர்களும் தேர்ந்த சில வீரர்களும் மட்டுமே இருப்பர். கருவிகள் கிடங்கில் வைக்கப்பட்டிருக்கும். போர் மூளும்போது புதிய வீரர்களைச் சேர்த்து முழு அலகாக விரிவாக்கப்படும். கட்டடத்துக்கு முதலில் சட்டகத்தை நிறுத்திப் பின்னர் சுவர் எழுப்புவதைப் போன்றது இம்முறை.

செலவின் கூறுகள்

எந்த வகை அலகாயினும் அதன் செலவு கீழ்க்காணும் கூறுகளைக் கொண்டது.

1. சம்பளம், படி, உணவு, உடை, உறைவிடம்.
2. ஆயுதங்களும் கருவிகளும் வாங்கும் செலவு. அவற்றைப் பழுது பார்க்கும் செலவு.
3. பயிற்சிச் செலவு.
4. ஓய்வூதியமும் காயமுற்றோர், இறந்தோர் குடும்பங்களுக்கான உதவியும்.
5. போர்க்காலத்தில் அலகை முழு ஆயத்தத்துக்குக் கொண்டு வரும் செலவு.
6. ஆயத்தமாவதற்கு எடுக்கும் காலத்தின் விலை.

முதல் மூன்றும் ஆண்டுக் கணக்கில் தெளிவாகத் தெரிபவை. நான்காவது பல ஆண்டுகள் கழித்தே முழுமையாக வெளிப்படும். ஐந்தாவது போர் வந்தால் மட்டுமே தோன்றும். ஆறாவதைப் பணத்தால் அளப்பது கடினம். படை ஆயத்தமாகும் முன்பே எதிரி எல்லையைக் கடந்துவிட்டால் அதன் விலை நாடே ஆகும்.

பத்மநாபபுரம் காலம்

நிலத்துக்கு ஈடான ஊழியம்

கல்குளம் என்று முன்னர் வழங்கப்பட்ட பத்மநாபபுரம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகில் உள்ளது. இங்கிருந்து ஆண்ட வேணாட்டு மன்னர்களுக்குத் தொடக்கத்தில் பெரிய நிலைப்படை இல்லை. களரிகளில் ஆயுதப் பயிற்சி பெற்ற நாயர் குடியினர் தத்தம் ஊர்களில் வாழ்ந்து, அழைக்கப்படும்போது போருக்கு வந்தனர். ஊழியத்துக்கு ஈடாக நிலம் அளிக்கும் விருத்தி முறையும் வழக்கில் இருந்தது.

இது இன்றைய வகைப்பாட்டில் சேமப்படைக்கு நெருக்கமானது. கருவூலத்திலிருந்து பெரும் பணம் வெளியேறாததால் செலவற்ற முறைபோலத் தோன்றும். உண்மையில், அந்நிலங்களிலிருந்து அரசு பெற்றிருக்கக்கூடிய வரியே அதன் செலவாகும். மேலும், இவ்வீரர்கள் மன்னரைவிடத் தம் ஊரின் மாடம்பிகளுக்கும் பிரபுக்களுக்கும் மிகுதியாகக் கட்டுப்பட்டிருந்தனர். எட்டு வீட்டில் பிள்ளைமார் எனப்பட்ட பிரபுக்களுடன் மன்னருக்குப் பூசல் மூண்டபோது, மன்னருக்கென ஒரு படை இல்லாத குறை வெளிப்பட்டது.

கூலிப்படை

இக்குறையை நீக்க, 1726இல் இராம வர்மா மன்னர் மதுரை நாயக்க அரசுடன் உடன்படிக்கை செய்து, ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலுத்த ஒப்புக்கொண்டு வெளிப்படையை வரவழைத்தார். அப்படையின் ஊதியம் நிலுவையில் நின்றபோது, அதன் தலைவர்கள் நிலுவைக்கு ஈடாகத் தளவாய் ஆறுமுகம் பிள்ளையைத் தடுத்து வைத்தனர். பணம் கொடுத்துப் பெறும் படைக்குச் சம்பளம் தவறினால், அதுவே அரசுக்கு இடராக மாறும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. பின்னர் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி: 1729–1758) அப்படையை விலக்கி, பொன்னம் பாண்டியத் தேவன் தலைமையில் மறவர் படையை அமர்த்தினார்.

நிலைப்படை

1741இல் குளச்சல் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தோற்கடிக்கப்பட்டது. சிறைப்பட்ட ஐரோப்பியருள் ஒருவரான டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் பணியேற்று, ஐரோப்பிய முறையில் வீரர்களைப் பயிற்றுவித்தார். பத்மநாபபுரத்துக்கு அருகில் உள்ள உதயகிரிக் கோட்டை அவரது மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்டது. அங்குப் பீரங்கி வார்ப்புக் கூடமும் இயங்கியது. டிலனாய் 1777இல் இறந்தார். அவரது கல்லறை இக்கோட்டைக்குள்ளேயே உள்ளது.

செலவு ஒப்பீட்டில் இது குறிப்பிடத்தக்க நிகழ்வு ஆகும். ஒருசில பயிற்றுநர்களுக்கான செலவு சிறிது. அவர்கள் பயிற்றுவித்த வீரர்களின் எண்ணிக்கையோ பெரிது. சட்டகப் படை முறையின் அடிப்படைக் கருத்தும் இதுவே. படையில் விரைவில் பெருக்க முடியாதது வீரர் எண்ணிக்கை அன்று. பயிற்றுவிக்கவும் நடத்தவும் வல்ல அதிகாரிகளே.

ஆண்டு முழுவதும் சம்பளம் பெறும் படைக்கு ஆண்டு முழுவதும் வருவாய் தேவை. 1743இல் மிளகு வணிகம் அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. பதிவுக் கணக்கு எனப்பட்ட ஆண்டு வரவு செலவுத் திட்டமும் இம்மன்னர் காலத்தில் நடைமுறைக்கு வந்தது. 1753இல் டச்சுக்காரருடன் செய்துகொண்ட மாவேலிக்கரை உடன்படிக்கையின்படி, அவர்கள் ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள ஆயுதங்களைத் திருவிதாங்கூருக்கு வழங்க ஒப்புக்கொண்டனர். இவ்வாறு வீரர் சம்பளம், ஆயுதம், பயிற்சி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன.

நெடுங்கோட்டை

கார்த்திகைத் திருநாள் இராம வர்மா (ஆட்சி: 1758–1798) காலத்தில் அரசின் வடக்கு எல்லையில் ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்துக்கு நெடுங்கோட்டை எனப்படும் அரண் அமைக்கப்பட்டது. மதிலும் அகழியும் ஒருமுறை செய்யும் செலவு. வீரருக்குக் கொடுக்கும் சம்பளமோ ஆண்டுதோறும் தொடரும் செலவு. எதிரியின் வரவைத் தாமதப்படுத்தும் அரண், உள்நாட்டில் உள்ள படைகள் வந்து சேரக் காலம் பெற்றுத் தருகிறது. எனவே சேமப்படையைப் பெரிதும் நம்பும் நாட்டுக்கு அரண் ஒரு துணைச் செலவாக அமைகிறது.

துணைப்படையின் செலவு

1788 உடன்படிக்கை

மைசூரின் திப்பு சுல்தானிடமிருந்து ஆபத்து நெருங்கியதால், 1788இல் திருவிதாங்கூர் கம்பெனியின் சென்னை அரசுடன் உடன்படிக்கை செய்து இரண்டு சிப்பாய்ப் பட்டாளங்களைப் பெற்றது. ஒவ்வொரு பட்டாளத்துக்கும் மாதம் 1,755 நட்சத்திர வராகன் எனத் தொகை வரையறுக்கப்பட்டது. பணமாகவோ மிளகாகவோ இதனைச் செலுத்தலாம். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் எனக் கொண்டால், இரண்டு பட்டாளங்களுக்குமாக ஆண்டுக்கு 42,120 வராகன், அதாவது ஏறத்தாழ 1.47 இலட்சம் ரூபாய் ஆகிறது.

1789 திசம்பர் இறுதியில் திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்கியபோது, அத்தாக்குதலை முறியடித்தது திருவிதாங்கூரின் சொந்தப் படையே. பணம் கொடுத்துப் பெற்ற கம்பெனிப் பட்டாளங்கள் அப்போரில் பங்கெடுக்கவில்லை. 1790இல் திப்புவின் படை அரணை உடைத்து உட்புகுந்தது. எனினும் மூன்றாம் மைசூர்ப் போர் விரிவடைந்ததால் அப்படை திரும்பிச் சென்றது.

1795, 1805 உடன்படிக்கைகள்

1795ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மூன்று சிப்பாய்ப் பட்டாளங்கள், ஓர் ஐரோப்பியப் பீரங்கிக் கம்பெனி, இரண்டு லஸ்கர் கம்பெனிகள் ஆகியவற்றின் செலவுக்குச் சமமான தொகையைப் போர்க்காலத்திலும் அமைதிக்காலத்திலும் ஆண்டுதோறும் செலுத்தத் திருவிதாங்கூர் ஒப்புக்கொண்டது. கம்பெனியின் போர்களுக்குத் தன் படையை அனுப்பி உதவும் கடமையும் அதில் இருந்தது. இதே காலத்தில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது.

1805 சனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையில், படை அனுப்பும் கடமையிலிருந்து திருவிதாங்கூர் விடுவிக்கப்பட்டது. அதற்கு ஈடாக மேலும் ஒரு சிப்பாய் ரெஜிமெண்டின் செலவை அது ஏற்க வேண்டியதாயிற்று. ஆண்டுத்தொகை ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. 17 ஆண்டுகளில் துணைப்படைச் செலவு ஐந்து மடங்குக்கும் மேல் பெருகியது. மேலும் பெரிய படை தேவைப்பட்டால் அதன் செலவிலும் வருவாய்க்கு ஏற்ற பங்கைத் திருவிதாங்கூர் ஏற்க வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டது.

செலவுக் கணக்கில் இந்த மாற்றத்தின் தன்மை கவனிக்கத்தக்கது. சொந்தப் படைக்குச் செய்யும் செலவை அரசு தன் வருவாய்க்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். துணைப்படைத் தொகையோ மாறாச் செலவு. மழை பொய்த்தாலும் மிளகு விலை வீழ்ந்தாலும் அதனைச் செலுத்தியே ஆக வேண்டும். வருவாய் குறையும் ஆண்டுகளில் வெட்டப்படுவது சொந்தப் படையின் செலவாகவே இருக்கும்.

1804 கலகமும் 1809 போரும்

இவ்வெட்டு விரைவிலேயே நிகழ்ந்தது. 1802 முதல் தளவாயாக இருந்த வேலுத்தம்பி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தலக்குளத்தைச் சேர்ந்தவர். நிதி நெருக்கடியைச் சமாளிக்க 1804இல் நாயர் படையினரின் படிகளைக் குறைக்க அவர் முற்பட்டார். இதனை எதிர்த்துப் படையினர் கலகம் செய்தனர். வேலுத்தம்பி கொச்சிக்குச் சென்று, கம்பெனியின் ரெசிடெண்டான கர்னல் மெக்காலேயின் உதவியை நாடினார். கம்பெனிப் படையின் துணையுடனும், வெளியூர்ச் சிப்பாய்களைக் கொண்ட திருவிதாங்கூரின் கர்நாடகப் படைப்பிரிவின் துணையுடனும் கலகம் அடக்கப்பட்டது. கலகத்தின் தலைவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர்.

1805 உடன்படிக்கை இக்கலகத்தின் தொடர்ச்சியாகவே வந்தது. படிச் செலவைக் குறைக்கத் தொடங்கிய முயற்சி, அதனைவிடப் பன்மடங்கு பெரிய ஆண்டுத்தொகையில் முடிந்தது. தொகை நிலுவையில் நின்றபோது, செலவைச் சுருக்கக் கர்நாடகப் படைப்பிரிவைக் கலைக்குமாறு ரெசிடெண்ட் வற்புறுத்தினார். துணைப்படைக்குப் பணம் செலுத்தச் சொந்தப் படையைக் கலைக்க வேண்டும் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

நிலுவைத் தொகை பற்றிய பூசல் முற்றி, கம்பெனியின் உதவியை ஒருகாலத்தில் நாடிய வேலுத்தம்பியே 1808 இறுதியில் அதற்கு எதிராகப் போர் தொடங்கினார். 1809 பெப்ரவரி 10 அன்று கர்னல் செயின்ட் லெகர் தலைமையிலான கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றியது. அதனையடுத்து உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளும் பெரும் எதிர்ப்பின்றி அதன் வசமாயின. வேலுத்தம்பி அவ்வாண்டே மண்ணடியில் உயிர் துறந்தார். தன் பாதுகாப்புக்காகத் திருவிதாங்கூர் எந்தக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்தி வந்ததோ, அக்கம்பெனியின் படையே அதன் பழைய தலைநகரைக் கைப்பற்றியது.

எச்சப்படையும் நாயர் படைப்பிரிவும்

1809க்குப் பின் திருவிதாங்கூரின் படை கலைக்கப்பட்டது. அரண்மனைக் காவலுக்கும் சடங்குகளுக்குமாக ஏறத்தாழ 700 நாயர் வீரர்களும் சில குதிரை வீரர்களும் மட்டும் விட்டுவைக்கப்பட்டனர். நாட்டைக் காக்கும் பொறுப்பு முழுவதும் கொல்லத்தைத் தளமாகக் கொண்ட கம்பெனியின் துணைப்படையிடம் சென்றது.

எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் இந்த 700 பேரைச் சட்டகப் படை எனக் கருதத் தோன்றும். ஆனால் சட்டகப் படைக்குரிய இன்றியமையாத கூறு அதில் இல்லை. பெரிய படையை நடத்தும் அதிகாரிகளும் பயிற்றுநர்களும் வைத்துக்கொள்ளப்படவில்லை. காவல் புரியும் வீரர்களே எஞ்சினர். இதன் விளைவு சில ஆண்டுகளில் தெரிந்தது. இராணி கௌரி பார்வதி பாய் 1817இல் படையை விரிவாக்க விரும்பியபோது, ரெசிடெண்ட் கர்னல் மன்றோ வழியாகச் சென்னை அரசின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. ஒப்புதலுக்குப் பின் அமைக்கப்பட்ட புதிய படைக்கு ஐரோப்பிய அதிகாரிகளே தலைமை ஏற்றனர். 1830 முதல் இப்படை நாயர் படைப்பிரிவு என்று அழைக்கப்பட்டது.

ஒரே காலத்தில் பிரசியாவில் இதற்கு நேர்மாறான நிகழ்வு நடந்தது. நெப்போலியனிடம் தோற்ற பிரசியாவின் படை 1808இல் 42,000 வீரர்களுக்கு மேற்படலாகாது என வரம்பிடப்பட்டது. பிரசிய அரசு அதிகாரிகளை இழக்காமல், வீரர்களைக் குறுகிய காலம் பயிற்றுவித்து ஊருக்கு அனுப்பிப் புதியவர்களைச் சேர்த்து வந்தது. 1813இல் மீண்டும் போர் தொடங்கியபோது, பயிற்சி பெற்ற அவ்வீரர்களால் அதன் படை விரைவில் பெருகியது. சுருங்கிய படையில் யாரை வைத்துக்கொள்வது என்னும் முடிவும், அம்முடிவை எடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதும் இவ்விரு அரசுகளின் எதிர்காலத்தை வேறுபடுத்தின.

சமத்தானப் படைகளின் மூவகைப்பாடு

20ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய இந்திய அரசு சமத்தானங்களின் படைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. 1920இல் வகுக்கப்பட்ட இந்தியச் சமத்தானப் படைத் திட்டத்தின்படி இவை பின்வருமாறு அமைந்தன.

முதல் வகுப்பு: இந்திய இராணுவத்தின் அமைப்பையும் அதே வகை ஆயுதங்களையும் கொண்ட அலகுகள்.

இரண்டாம் வகுப்பு: பயிற்சியிலும் ஒழுங்கிலும் முதல் வகுப்புக்குச் சற்றே குறைந்து, பழைய வகை ஆயுதங்களைக் கொண்ட அலகுகள்.

மூன்றாம் வகுப்பு: நிலையாகப் பணியில் இராத, உள்ளூர்த் தற்காப்புக்கான அலகுகள்.

செலவுக்கும் ஆயத்த நிலைக்கும் உள்ள உறவை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட வகைப்பாடு இது. எல்லா அலகுகளையும் முதல் வகுப்பில் வைக்க எந்தச் சமத்தானத்தாலும் இயலாது என்பதால், எவ்வலகு எதற்கு என முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. 1935இல் திருவிதாங்கூர் இத்திட்டத்தில் இணைந்தது. நாயர் படைப்பிரிவு திருவிதாங்கூர் அரசுப் படை என மாற்றியமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அதன் பட்டாளங்கள் இந்திய இராணுவத்தில் சேர்க்கப்பட்டு, மதராஸ் ரெஜிமெண்டின் 9ஆம், 16ஆம் பட்டாளங்களாயின.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியா

பிரதேச இராணுவம்

இந்தியாவின் முதன்மையான சேமப்படை அமைப்பு பிரதேச இராணுவம் ஆகும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான இதனை, 1949 அக்டோபர் 9 அன்று தலைமை ஆளுநர் இராசகோபாலாச்சாரி தொடங்கி வைத்தார். இதில் சேர்பவர்கள் வேறு தொழிலோ வேலையோ உடையவர்களாக இருக்க வேண்டும். ஆண்டில் குறிப்பிட்ட காலம் பயிற்சி பெறுவர். பயிற்சிக்காலத்துக்கும் பணிக்கு அழைக்கப்பட்ட காலத்துக்கும் மட்டுமே சம்பளம் உண்டு. 1962, 1965, 1971 போர்களில் இதன் அலகுகள் பணியாற்றியுள்ளன.

ஒவ்வொரு பிரதேச இராணுவ அலகிலும் நிலைப்படையிலிருந்து வந்த அதிகாரிகளும் பயிற்றுநர்களும் கொண்ட ஒரு சிறு குழு நிலையாக இருக்கும். சேமப்படை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சட்டகப் படை அடங்கியுள்ளது என இதனைக் கூறலாம். இக்குழுவுக்கான செலவைக் குறைத்தால், அழைக்கப்படும் வீரர்களை ஒழுங்குபடுத்த ஆளிராது.

ஓய்வூதியம்

நிலைப்படைச் செலவில் உடனடியாகக் கண்ணுக்குப் புலப்படாத பகுதி ஓய்வூதியம் ஆகும். 2023–24 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஏறத்தாழ 5.94 இலட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 1.38 இலட்சம் கோடி ரூபாய், அதாவது 23 விழுக்காடு, ஓய்வூதியத்துக்கு உரியது. இத்தொகை இன்று பணியில் உள்ள வீரர்களுக்கானது அன்று. கடந்த பல பத்தாண்டுகளில் பணியாற்றியவர்களுக்கானது. ஆகவே ஒரு நிலைப்படை வீரரைச் சேர்க்கும் முடிவின் முழுச்செலவு, அவர் பணியிலிருந்து விலகிய பின்னரும் நெடுங்காலம் தொடர்கிறது.

2022 சூன் மாதத்தில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இச்செலவோடு நெருங்கிய தொடர்புடையது. இதன்படி சேரும் வீரர்கள் நான்கு ஆண்டுகள் பணியாற்றுவர். அவர்களுள் 25 விழுக்காடு வரையானவர்கள் மட்டுமே நிலையான பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். ஏனையோருக்கு ஓய்வூதியம் இல்லை, ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் கொண்ட நிதி ஒருமுறை வழங்கப்படும். செலவைக் குறைக்கும், படையின் சராசரி வயதைக் குறைக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். பட்டறிவுள்ள வீரர்களின் விகிதம் குறையும், விலகும் இளைஞர்களின் வாழ்வாதாரம் கேள்விக்குறியாகும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

பிற நாடுகள்

செருமனி: முதல் உலகப் போருக்குப் பின், 1919ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை செருமனியின் தரைப்படையை 1,00,000 பேருக்குள் வரம்பிட்டது. அதில் அதிகாரிகள் 4,000 பேர் வரை மட்டுமே இருக்கலாம். செருமனி ஒவ்வொரு வீரரையும் தன் நிலைக்கு மேற்பட்ட பொறுப்பை ஏற்கும் அளவுக்குப் பயிற்றுவித்தது. 1935க்குப் பின் படை விரிவாக்கப்பட்டபோது இவர்களே அதன் சட்டகமாயினர்.

சோவியத் ஒன்றியம்: தரைப்படைப் பிரிவுகள் ஆள்நிறைவைப் பொறுத்து வகைப்படுத்தப்பட்டிருந்தன. கடைசி வகையில் கருவிகள் இருந்தன. வீரர்கள் மிகச் சிலரே இருந்தனர். 1979 திசம்பரில் ஆப்கானித்தானுக்குள் நுழைந்த பிரிவுகள் சில, மத்திய ஆசியாவைச் சேர்ந்த சேமப்படையினரைக் கொண்டு அவசரமாக நிரப்பப்பட்டன. சில மாதங்களிலேயே அவர்களை விலக்கி வேறு வீரர்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடு: பாதுகாப்புத் துறையின் சேமப்படைக் கொள்கை வாரியம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, பணிக்கு அழைக்கப்படாத நிலையில் ஒரு சேமப்படை வீரருக்கான செலவு நிலைப்படை வீரருக்கான செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு எனக் கணித்தது.

கணக்கீட்டு எடுத்துக்காட்டு

மேற்கண்ட மூன்றில் ஒரு பங்கு என்னும் அளவு, தொடர்ந்து படை தேவைப்படும் சூழலில் பெரிதும் மாறுகிறது. இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு நிலைப்படை அலகின் ஆண்டுச் செலவு 100 எனவும், சேமப்படை அலகின் செலவு அமைதிக்காலத்தில் 30, பணியில் உள்ளபோது 100 எனவும் கொள்வோம்.

20 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் மட்டுமே போர் நிகழ்ந்தால்:

நிலைப்படை: 20 × 100 = 2,000
சேமப்படை: (18 × 30) + (2 × 100) = 740

இங்கு சேமப்படையின் செலவு 37 விழுக்காடு மட்டுமே.

மாறாக, எல்லையில் எப்போதும் ஓர் அலகு இருந்தாக வேண்டும் எனக் கொள்வோம். நிலைப்படை அலகு மூன்று ஆண்டுகளுக்கு ஓர் ஆண்டும், சேமப்படை அலகு ஆறு ஆண்டுகளுக்கு ஓர் ஆண்டும் களத்தில் இருக்க இயலும் என்றால், முறைவைத்து அனுப்ப மூன்று நிலைப்படை அலகுகளோ ஆறு சேமப்படை அலகுகளோ தேவைப்படும்.

நிலைப்படை: 3 × 100 = 300
சேமப்படை: (5 × 30) + (1 × 100) = 250

இப்போது சேமப்படையின் செலவு 83 விழுக்காடாக உயர்கிறது. அழைக்கப்படும் அலகுக்கான முன்பயிற்சிச் செலவையும் சேர்த்தால் வேறுபாடு மேலும் குறையும். அரிதாக நிகழும் பெரும்போருக்குச் சேமப்படை மலிவானது. ஓயாத எல்லைக் காவலுக்கு அத்துணை மலிவானதன்று.

ஒப்பீட்டு அட்டவணை

| வகை | அமைதிக்காலச் செலவு | ஆயத்தமாகும் காலம் | முதன்மை இடர் | திருவிதாங்கூரில் இணையானது |
|---|---|---|---|---|
| நிலைப்படை | மிகுதி | நாட்கள் | சம்பளக் குறைப்பால் கலகம், ஓய்வூதியச் சுமை | மார்த்தாண்ட வர்மாவின் பயிற்சிப் படை |
| சேமப்படை | குறைவு | வாரங்கள் அல்லது மாதங்கள் | தாமதம், உள்ளூர்ச் சார்பு | களரி வீரர்கள், விருத்தி ஊழியம் |
| சட்டகப் படை | மிகக் குறைவு | பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் | அதிகாரிகளை இழந்தால் பயனற்றது | 1809க்குப் பிந்தைய 700 வீரர்கள் (முழுமையற்றது) |
| துணைப்படை | மாறாத பெருந்தொகை | கொடுப்பவரைப் பொறுத்தது | கட்டளை பிறரிடம் | கம்பெனிப் பட்டாளங்கள் |

ஒப்பீட்டின் வரம்புகள்

18ஆம் நூற்றாண்டின் படைகளை இன்றைய வகைகளோடு முழுமையாகப் பொருத்த இயலாது. களரி வீரர்களின் ஊழியம் சாதி, நிலவுடைமை ஆகியவற்றோடு பிணைந்தது. பிரதேச இராணுவமோ விருப்பத்தின்பேரில் சேர்வது. வராகன், ரூபாய் ஆகியவற்றின் அன்றைய மதிப்பை இன்றைய விலைவாசிக்கு மாற்றுவதும் நம்பத்தக்க முடிவைத் தராது. ஒரே காலத்துத் தொகைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே பொருத்தமானது.

இவ்வரம்புகளுக்கு உட்பட்டே, செலவுக் கணக்கில் இடம்பெறாத ஒரு கூறு திருவிதாங்கூர் வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது. நிலைப்படை, சேமப்படை, சட்டகப் படை ஆகிய மூன்றுக்கும் இடையே தேர்ந்தெடுப்பது ஓர் அரசின் சொந்த முடிவு. தவறானால் அதனைத் திருத்திக்கொள்ளலாம். துணைப்படைத் தொகையை ஏற்றபின் திருவிதாங்கூருக்கு அவ்வுரிமை எஞ்சவில்லை. 1817இல் தன் படையைப் பெருக்கவே அது அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

இன்றைய நிலை

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலச் சீரமைப்பின்போது கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் அமைந்திருப்பினும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. உதயகிரிக் கோட்டை தமிழ்நாடு வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக விளங்குகிறது. டிலனாயின் கல்லறையையும் கோட்டை மதிலையும் அங்குக் காணலாம்.

இவற்றையும் பார்க்க

பத்மநாபபுரம் அரண்மனை
உதயகிரிக் கோட்டை
குளச்சல் போர்
மார்த்தாண்ட வர்மா
வேலுத்தம்பி தளவாய்
துணைப்படைத் திட்டம்
மதராஸ் ரெஜிமெண்ட்
பிரதேச இராணுவம்